மிதி, பிறகு வண்டி

மிதிவண்டியோர் குறியீட்டு வாரியத்தின் வாசற்கதவில் ஒரு பலகை தொங்கியது: ‘மிதிவண்டி உள்ளே செல்லாது.’ வேலையில் சேர வந்த முதல் நாள் சின்னவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். யாரோ வேடிக்கைக்கு மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். பாவம், அந்த வாரியத்தில் வேடிக்கைக்கென்று யாரும் எதையும் செய்வதில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அவளைக் கொண்டுவந்து இறக்கியது அக்காவின் சைக்கிள். கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, சான்றிதழ்ப் பையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

“சைக்கிள் உள்ள வரக் கூடாதும்மா.”

“இது சைக்கிளுக்குத்தானேண்ணே ஆபீஸு?”

“ஆமா. அதனாலதான் இவ்வளவு கண்டிப்பு.”

அக்கா ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பலகையைப் பார்த்தாள். “செல்லாதுன்னா? கிழிஞ்ச நோட்டு மாதிரியா?”

காவலாளி நிஜமாகவே யோசித்தார். “கிட்டத்தட்ட” என்றார்.

அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் சின்னவள்தான். அதற்கு முன்னால் அந்த வீட்டில் பட்டம் என்றால் மொட்டை மாடியில் நூல் கட்டி விடுவது. அதுவும் பாதியில் அறுந்துபோகும். எழுத்து வடிவமைப்பு படித்தாள். என்ன படிப்பு என்று கேட்பவர்களிடம் அப்பா, “எழுத்துப் போடுற படிப்பு” என்பார். “அதத்தான் ஒண்ணாம் கிளாஸ்லயே போட்டாளே” என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். வடிவமைப்பைத்தான் காசு கட்டிப் படிக்க வேண்டியிருந்தது; கோபம் மட்டும் அவளுக்குப் படிக்காமலே வந்தது.

அவள் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் அக்கா. அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விடியற்காலையில் சைக்கிளில் நேராகப் போக வேண்டும். போகிற வழியில் பஸ் நிலையத் திருப்பம். நேராகப் போகிற அக்காவின் முன்னால், பின்னால் இருந்து வருகிற பஸ் சட்டென்று மடங்கித் திரும்பும். தினமும் அந்த இடத்தில் அக்கா ஒரு தடவை சாகப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள்.

“ஒரு கோடுதான்டி கேக்கறேன்” என்றாள் அக்கா, நியமன உத்தரவு வந்த அன்று. “பஸ்காரன் கண்ணுல படுற மாதிரி, சைக்கிளுக்கு வழி விடுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.”

“அது ஒரு நாள் வேலைக்கா.”

அந்த ஒரு நாள் எந்த நாள் என்று கேட்டு வாங்காமல் விட்டது அக்காவின் தப்பு.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே போட்டு உடைத்துவிடலாம். சின்னவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கேரியரிலேயே பள்ளிக்கூடம், கேரியரிலேயே கல்லூரி. ‘மிதிவண்டிப் பயணத்தில் நீண்ட அனுபவம் உண்டு’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். பொய் இல்லை. அனுபவம் நீண்டதுதான். மிதித்தது வேறு ஆள், அவ்வளவுதான்.

வாரியத்தின் வரவேற்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சைக்கிள் நின்றது. பொன் வர்ணம் பூசி, காற்றே அடிக்காத டயரோடு. அதன் முன்னால்தான் இயக்குநர் புதியவர்களை வரவேற்றுப் பேசினார்.

“நண்பர்களே, நான் தினமும் காரில் வருகிறேன். ஒளிக்கவில்லை. ஆனால் கார்க் கண்ணாடி வழியாக நான் மிதிவண்டிக்காரர்களைப் பார்த்தபடியே வருகிறேன். அவர்கள் ஒரு தடவையாவது திரும்பி என்னைப் பார்க்கிறார்களா? இல்லை. அப்படியானால் யாருக்கு அக்கறை அதிகம்? சின்ன வயதில் எங்கள் தோட்டக்காரர் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வருவார். அந்தச் சிரமம் எனக்குத் தெரியும். ஏனென்றால் மேலே உட்கார்ந்திருந்தவன் நான்.”

எல்லாரும் கைதட்டினார்கள். சின்னவள் ‘தூ’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகுதான் காலையில் கேரியரில் உட்கார்ந்து வந்தது ஞாபகம் வந்தது. கொஞ்சம் மெதுவாக அவளும் கைதட்டினாள்.

திருப்பத்துக்கு ஒரு குறியீடு வேண்டும் என்று சின்னவள் முதல் வாரமே குறிப்பு எழுதி வைத்தாள். இயக்குநருக்கு மகிழ்ச்சி. வாரியம் தொடங்கியதிலிருந்து யாரும் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சொல்லிக் கேட்டதே இல்லையாம். இதுவரை அவர்கள் கொள்கை அளவில்தான் குறியீடு போட்டிருந்தார்கள். உடனே குழு கூடியது.

சின்னவள் ஒரு படம் வரைந்துகொண்டு போனாள். சாலையில் வெள்ளையாகப் பெரிய சைக்கிள் படம், பக்கத்தில் அம்பு. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். குழு படத்தை மேசையின் நடுவில் வைத்து, பிரேதத்தைச் சுற்றி நிற்பதுபோல நின்று பார்த்தது.

“ஓட்டுறவர் எங்கே?” என்று கேட்டார் இயக்குநர்.

“வண்டி மட்டும் போதும்னு நினைச்சேன் சார்.”

“ஆள் இல்லாம வண்டி போகுதுன்னா பொதுமக்கள் என்ன நினைப்பாங்க? ஆள் விழுந்துட்டான்னு நினைப்பாங்க. நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

ஆளை வரைந்தாள். ஆணா பெண்ணா என்றார்கள். பெண் என்றாள். பெண் என்றால் ஆண்கள் அந்தப் பாதையில் போகக் கூடாது என்று அர்த்தம் ஆகாதா என்றார்கள். இரண்டு பேரை வரைந்தாள். ஒரு வண்டியில் இரண்டு பேர் போவதை வாரியமே ஊக்குவிக்கலாமா என்றார்கள். கேரியர்வாசியான சின்னவளுக்கு நாக்கு வரைக்கும் பதில் வந்தது, விழுங்கினாள். கடைசியில் ஆணா பெண்ணா என்று தெரியாத, தலையும் இல்லாத ஒரு உருவம் சைக்கிள் மேல் உட்கார்ந்த படம் ஒருமனதாக நிறைவேறியது. தலை இல்லாததால் தலைக்கவசப் பிரச்சினையும் தீர்ந்தது என்று இயக்குநர் பாராட்டினார்.

வெற்றிக் களிப்போடு சின்னவள் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தவள் படத்தைப் பார்த்து, மடித்த துணி மேலேயே சாய்ந்து விழுந்து சிரித்தாள்.

“ஏன்டி, சங்கிலியை முன்சக்கரத்துலயா மாட்டுவாங்க?”

“எதுல மாட்டுவாங்க?”

“இத்தனை வருஷம் பின்சக்கரத்து மேலயே உக்காந்துட்டு வந்திருக்க. உன் காலுக்குக் கீழதானே ஓடிச்சு!” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்தக் குழுவுல ஒருத்தருகூடவா கண்டுபிடிக்கலை?”

கண்டுபிடிக்கவில்லை. முழு வாரியத்திலும் சைக்கிளை வரைகிற அளவுக்கு யாரும் அதை உற்றுப் பார்த்ததில்லை. வரவேற்புக் கூடத்துப் பொன் சைக்கிளின் சங்கிலியை எப்போதோ துடைப்பதற்குக் கழற்றி, திருப்பி மாட்டத் தெரியாமல் விட்டிருந்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால் மறுநாள் போய், ‘தப்பு என்னுது, சங்கிலியை மாத்தி வரைஞ்சு தர்றேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் முதல் தலைமுறைப் பட்டம் என்பது புதுச் செருப்பு மாதிரி. கடிக்கும், கடிக்கிறது என்று வெளியே சொல்லவும் மனசு வராது. மறுநாள் குழுவின் முன்னால் சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஆழ்ந்து யோசிச்சதுல, படத்தைவிட எழுத்துதான் இந்த இடத்துக்குப் பொருத்தம்னு தோணுது” என்றாள். படத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

எழுத்து என்றதும் வாரியத்தின் சொல்லறிஞர் விழித்துக்கொண்டார். அவர் விழித்ததை அலுவலகம் நெடுநாளாகப் பார்த்ததில்லை.

“சைக்கிளுக்கு வழி விடவும்” என்று சின்னவள் பலகையில் எழுதினாள். அக்கா சொன்னது அதுதான்.

“சைக்கிள்!” சொல்லறிஞர் காதைப் பொத்திக்கொண்டார். “அயற்சொல்லை ரோட்டில் எழுதுவதா?”

“ரோடுங்கிறது சார்...”

“நான் பேச்சில் சொன்னேன். எழுத்தில் சொல்வேனா? ஈருருளி என்று எழுதுங்கள்.”

இந்த இடத்திலும் சின்னவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தானும் படித்தவள்தான் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? “ஈருருளின்னா ஸ்கூட்டரும் ஈருருளிதானே சார்? மிதிவண்டின்னு போடலாம். மிதிக்கிற வண்டி. வேர்ச்சொல்லே வேலையைச் சொல்லுது” என்றாள். சபை அசந்துபோனது. அவளும்தான் அசந்துபோனாள்.

‘மிதிவண்டிக்கு வழி விடவும்.’ பெயிண்டர் வரவழைக்கப்பட்டார். பஸ் திரும்புகிற தடத்தின் அகலத்தை அளந்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். தடம் குறுகல். பஸ்காரன் தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாகப் போட்டால் ‘மிதிவண்டிக்கு’ ஒரே வரியில் நிற்காது. எழுத்து பக்கத்துச் சுவரில் ஏறிவிடும்.

“சுருக்குங்க” என்றார் இயக்குநர். “எதை எடுக்கலாம்?” அவர் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றார். “இந்த ‘க்கு’ எதுக்கு? விக்கல் மாதிரி இருக்கு.”

“சார், அது போனா அர்த்தமே போயிடும். மிதிவண்டி வழி விடவும்னா, மிதிவண்டியே நீ வழி விடுன்னு ஆயிடும்.”

“யார் யாருக்கு வழி விடணும்கிறது நம்ம வேலை இல்லை. வழி விடணும்ங்கிற பண்பைத்தான் நாம வலியுறுத்தறோம். யாரோ ஒருத்தர் விட்டாப் போதும்.”

‘க்கு’ போனது. சொல்லறிஞர்கூட எதிர்க்கவில்லை. வேற்றுமைத்தொகையில் உருபு மறைவது மரபுதான் என்று ஒரு கொட்டாவிக்கு நடுவே சொன்னார்.

‘க்கு’ போயும் ‘மிதிவண்டி’ நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இடித்தது. குழு களைத்துப் போயிருந்தது, எல்லாருக்கும் பசி. அப்போதுதான் சின்னவளின் மூளையில் அந்தப் பொறி தட்டியது. இப்போது நினைத்தாலும் அவளுக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றும் பொறி அது.

“ரெண்டு வரியாப் பிரிச்சுடலாம் சார். மேல ‘மிதி’, கீழ ‘வண்டி’.”

“ஆகா!” என்றார் இயக்குநர். “இதுக்குத்தான் இளரத்தம் வேணும்கிறது.”

மேலே என்றால் எது, கீழே என்றால் எது என்று அதற்கு ஒரு கூட்டம் தனியாக நடந்தது. காகிதத்தில் மேலே இருப்பது சாலையில் தூரத்தில் இருக்கும். பஸ்காரன் கிட்டத்தில் இருப்பதைத்தான் முதலில் படிப்பான். ஆகவே முதல் சொல் கிட்டத்தில், கடைசிச் சொல் தூரத்தில் என்று சின்னவளே எடுத்துச் சொன்னாள். அது பாடப்புத்தகத்தில் உள்ளபடி சரி. இந்த மொத்தக் கதையிலும் அவள் பாடப்புத்தகப்படி சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதுதான் ஊரைக் கெடுத்தது.

பெயிண்டர் தகட்டில் எழுத்தை வெட்டிக்கொண்டுபோய்ச் சாலையில் போட்டார். திருப்பத்துக்கு வருகிற பஸ்ஸின் முன்கண்ணாடியில் முதலில் வந்து மோதுவது, ஆள் உயரத்துக்கு வெள்ளையாக, ஒரே சொல்: மிதி. அதற்கு அப்பால் வண்டி, அதற்கும் அப்பால் வழி, அதற்கும் அப்பால் விடவும். முன்னால் இன்னொரு பஸ் நின்றால் மற்ற மூன்றும் அதன் வயிற்றுக்கடியில் போய்விடும். மிதி மட்டும் நிற்கும்.

“படிச்சுப் பார்க்கலையாண்ணே?” என்று பிறகு ஒருநாள் பெயிண்டரைக் கேட்டாள்.

“நான் எழுத்தைப் பார்க்கிறதில்லைம்மா. தகட்டுல ஓட்டையைத்தான் பார்ப்பேன்” என்றார் அவர்.

மறுநாள் காலை, அக்கா போன வேகத்தில் வீடு திரும்பினாள். முழங்கை உரிந்திருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கி வந்திருந்தாள்; முன்சக்கரம் எட்டுப் போட்டிருந்தது.

“என்னக்கா ஆச்சு?”

“உன் ஆபீஸ் சொன்னதைக் கேட்டேன். ரோட்டுல பெரிசா மிதின்னு போட்டிருந்துச்சு. சரி, தங்கச்சி ஏதோ கணக்குப் பண்ணித்தான் போட்டிருப்பா, வேகமாத் தாண்டச் சொல்றான்னு மிதிச்சேன். பஸ்காரனும் அதையே படிச்சிருக்கான். அவனும் மிதிச்சான்.”

“அப்புறம்?”

“நான் நடைபாதைல ஏறி விழுந்தேன். அவன் கம்பத்தை உரசிக்கிட்டு நின்னான். இறங்கி வந்து, ‘அரசாங்கமே மிதிங்குது, நான் என்னம்மா பண்றது’ன்னான். நானும் அதைத்தானே சொன்னேன். ரெண்டு பேரும் நின்னு ரோட்டைப் பார்த்தோம். ‘எந்தப் படிச்ச முட்டாள் எழுதினான் இதை’ன்னான்.” அக்கா முழங்கையை ஊதிக்கொண்டாள். “நான் சொல்லலைடி, என் கூடப் பொறந்தவதான்னு. எனக்கும் மானம் இருக்கு.”

சின்னவள் இயக்குநர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள். “சார், அந்த எழுத்தை உடனே அழிக்கணும். ஆள் செத்துப் போவாங்க.”

இயக்குநர் பதறவில்லை. பதறுவதற்கு மேலிடத்து உத்தரவு வரவில்லை. “உட்காரும்மா. நம்ம வாரியத்துக்கு எழுதத்தான் அதிகாரம். அழிக்கிற பிரிவுன்னு ஒண்ணு இல்லவே இல்லை. தப்பு வந்தா என்ன செய்யணும்? விளக்கணும். மக்களுக்கு விளக்கம் போதலைன்னு அர்த்தம்.”

விளக்கப் பலகை வைக்க முடிவானது. வாசகத்தை எழுதும் பொறுப்பு யாருக்கு? வேறு யாருக்கு. அவளுடைய தகுதிகாண் காலம் முடிகிற நேரம். நிரந்தர உத்தரவு இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அவள் எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஆனாலும் எழுதினாள்: ‘சாலையில் உள்ள மிதி என்பதைப் பார்த்து மிதிக்க வேண்டாம். வண்டி என்பதோடு சேர்த்துப் படிக்கவும்.’ அழகான எழுத்துரு. இடைவெளியெல்லாம் கச்சிதம்.

பலகைக்குக் கம்பம் நட இடம் தேடினார்கள். நடைபாதையில் நட்டால் நடப்பவர்களுக்கு இடைஞ்சல், பஸ் தடத்தில் நட்டால் பஸ்ஸுக்கு இடைஞ்சல். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. சைக்கிள் போகிற ஓரம். அங்கே நட்டார்கள்.

இப்போது சைக்கிள்காரர்கள் கம்பத்தைச் சுற்றிக்கொள்ள பஸ் தடத்துக்குள் வர வேண்டும். பஸ்காரர்கள் திரும்பிக்கொண்டே அண்ணாந்து பலகையைப் படிக்க வேண்டும். சின்னவள் எழுதியது நீளமான வாக்கியம். படித்து முடிப்பதற்குள் பஸ் திரும்பிவிடும்.

மேலிடத்துக்குப் போன அறிக்கையில், ‘சாலையில் வாசிப்புப் பழக்கம் பெருகியுள்ளது’ என்று இயக்குநர் எழுதினார்.

சில நாள் கழித்து அக்கா வேலை முடிந்து வந்தாள். சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டாத அக்காவைப் பார்த்துச் சின்னவளுக்குப் பயம் வந்தது. வெளியே போய்ப் பார்த்தாள்.

கேரியர் நசுங்கியிருந்தது. தகரம் காகிதம் மாதிரி மடிந்து பின்சக்கரத்தின் மேல் அமுங்கிக் கிடந்தது. பஸ்ஸின் வால் பக்கம் வந்து தட்டியிருக்கிறது. அக்கா அரைச்சாண் முன்னால் போய்விட்டிருந்ததால் அக்காவுக்கு ஒன்றும் இல்லை. நசுங்கியது பின்னால் இருக்கிறவர் உட்காரும் இடம்.

சின்னவள் அந்தத் தகரத்தைக் கையால் நிமிர்த்தப் பார்த்தாள். வரவில்லை.

உள்ளே போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “டிரைவர் என்னக்கா பண்ணிட்டிருந்தான்?”

“படிச்சிட்டிருந்தான்” என்றாள் அக்கா, சுவர்ப் பக்கம் திரும்பியபடி. “பாவம், நல்ல மனுசன். வாய்விட்டுப் படிச்சிட்டிருந்தான்.” பிறகு, “நாளைலேருந்து அந்த இடத்துல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறேன். நீ எதுவும் எழுதாதடி. உன் கால்ல விழறேன், இன்னும் எதுவும் எழுதாத” என்றாள்.

மறுநாள் சின்னவள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பெயிண்டரைப் பார்க்கப் போனாள். “கறுப்புப் பெயிண்ட் வேணும்ண்ணே. அந்த எழுத்தை அழிக்கணும்.”

“எனக்கு எழுதத்தான் கூலி. அழிச்சா யாரு பில்லு பாஸ் பண்ணுவா?” அவர் தலையைச் சொறிந்தார். “டப்பால அடியில கொஞ்சம் கிடக்கு. எடுத்துக்கோ. நான் உன்னைப் பார்க்கலை.” சொல்லிவிட்டு, பார்க்காமலே ஆரஞ்சுச் சட்டை ஒன்றையும், சாலையில் வைக்கிற கூம்புகளையும் எடுத்துக் கொடுத்தார்.

உச்சி வெயில். சின்னவள் சட்டையை மாட்டிக்கொண்டு, கூம்புகளை அடுக்கி, திருப்பத்தின் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். யாராவது பிடித்துவிடுவார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். போக்குவரத்துக் காவலர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார்.

“என்ன வேலை நடக்குது இங்க?”

“குறியீட்டுப் பராமரிப்பு” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. இயக்குநருடையது மாதிரி இருந்தது.

“முன்கூட்டியே சொல்ல வேண்டாமாம்மா? அடிபட்டா யாரு பொறுப்பு?” என்று திட்டிவிட்டு, அவர் நடுச்சாலையில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பஸ்களை நிறுத்தினார். ஒரு வருஷமாக அக்கா கேட்டது அதைத்தான். ஆரஞ்சுச் சட்டையும் நாலு கூம்பும் இருந்தால் போதும் என்று யாரும் சொல்லித் தரவில்லையே!

அவள் மொத்த வாசகத்தையும் அழிக்கத்தான் போனாள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததை அவளுடைய புத்திசாலித்தனம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ‘மி’யை அழித்தாள். ‘தி’யை அழித்தாள். ‘வ’வில் தூரிகையை வைத்தால் வறட்டென்று இழுத்தது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். பெயிண்ட் தீர்ந்துவிட்டது.

இதுகூட முழுசாகச் செய்யத் துப்பில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள். முட்டியைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சாலையில் மிச்சம் இருந்தது: வண்டி வழி விடவும்.

நின்றிருந்த பஸ்ஸின் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதைப் படித்தார். “வண்டின்னா நம்மளைத்தான் சொல்றாங்க” என்று கண்டக்டரிடம் சொன்னார். காவலர் கையை இறக்கிய பிறகும் பஸ் கொஞ்ச நேரம் நகரவில்லை. ஓரத்தில் காத்திருந்த சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

படித்த படிப்புக்கு அவள் அந்த ஊருக்குச் செய்த முதல் உருப்படியான வேலை, இரண்டு எழுத்தை அழித்தது. அதுவும் பெயிண்ட் பற்றாமல் போனதால் உருப்பட்டது.

வாரியம் அதிர்ந்துபோனது. ‘மிதி’யைக் காணவில்லை! விசாரணை வைத்தார்கள். சின்னவள் எழுந்து நின்று, “நான்தான் சார் அழிச்சேன்” என்றாள். வேலை போனால் போகட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இயக்குநர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “உனக்கு அழிக்க அதிகாரம் இருக்கா?”

“இல்லை சார்.”

“அதிகாரம் இல்லாதவங்க எப்படி அழிக்க முடியும்? இந்த வாரியத்துல நானே ஒண்ணை அழிச்சதில்லை. உணர்ச்சிவசப்படாத, உட்காரு.”

“சார், கறுப்புப் பெயிண்ட் அடிச்சேன். கையில கறைகூட இருக்கு, பாருங்க.”

“கறை வேற, ஆதாரம் வேற” என்றார் சொல்லறிஞர், கண்ணைத் திறக்காமலே.

கண்டுபிடிப்பு மாலைக்குள் தட்டச்சாகி வந்தது: ‘பொதுமக்களின் பெருத்த பயன்பாட்டின் காரணமாக, மிதி மிதிபட்டுத் தேய்ந்தது.’ இதைவிட வெற்றிக்கு வேறு சான்று வேண்டுமா? விபத்தும் குறைந்திருந்தது. இயக்குநர் அப்போதே சின்னவளின் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: “உன் முதல் வேலை, தேய்ந்த மிதியைத் திரும்ப எழுதறது. இந்தத் தடவை தேயாத பெயிண்ட்ல.”

சின்னவளுக்குக் கோபம் வந்தது. உத்தரவைக் கிழித்து அவர் மேசையில் எறியலாம். எறிந்தால் நாளைக்கே வேறு ஒருத்தி வந்து எழுதுவாள். கையெழுத்து அவளுக்கும் அழகாகத்தான் இருக்கும். சின்னவள் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற பொன் சைக்கிளைப் பார்த்தாள். அது எத்தனையோ வருஷமாக யாரையும் இடிக்காமல் நிற்கிறது. ஏன்? அதன் சங்கிலியை எங்கே மாட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

“கட்டாயம் எழுதறேன் சார்” என்றாள். “அதுக்கு முன்னால ஒரே ஒரு சந்தேகம். மிதிங்கிறது வினைச்சொல்லா பெயர்ச்சொல்லா? அதை முடிவு பண்ணாம எழுதினா நாளைக்கு யாராவது கேள்வி கேட்பாங்க.”

சொல்லறிஞர் கண்ணைத் திறந்தார். நன்றாகவே திறந்தார். “இரண்டுமே ஆகும். மிக நுட்பமான இடம்!” என்றார்.

“ஈருருளியையும் மறுபடி ஆராயலாம் சார்.”

“ஆராய்ந்தே ஆக வேண்டும்.”

“குழு போட்டுடலாம்” என்றார் இயக்குநர், முகமெல்லாம் மலர்ந்து. “செயலாளர் நீதாம்மா.”

அன்றைக்குத்தான் அவள் உண்மையிலேயே அந்த வாரியத்தின் ஊழியர் ஆனாள். குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. தீர்மானம் நெருங்குகிற மாதிரி இருந்தால் செயலாளர் புதிதாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிடுவாள். கூட்டத்துக்கு அவள் ஒரு தடவைகூடத் தாமதமாக வந்ததில்லை என்று ஆண்டறிக்கையில் பாராட்டு வந்திருக்கிறது. இப்படி ஒரு பாராட்டு வாங்குவதற்கா படித்தாள் என்று கேட்டால், இல்லைதான்.

கேரியரை மாற்றிய பிறகு ஒருநாள் காலையில் அக்கா, “ஏறு, போற வழியில இறக்கிவிடறேன்” என்றாள்.

“நானே ஓட்டக் கத்துக்கணும்க்கா.”

“கத்துக்கலாம். முதல்ல சங்கிலி எங்க இருக்குன்னு பாரு. இப்ப ஏறு.”

திருப்பம் வந்தது. பின்னால் பஸ் சத்தம். அக்கா வழக்கம்போலப் பிரேக் பிடித்து, காலை ஊன்றி, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். பஸ்ஸும் நின்றது. டிரைவர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அக்கா நகரவில்லை. அவர் யாருக்குக் கை காட்டுகிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நமக்கில்லை, வேறு யாருக்கோ என்று நின்றாள்.

பஸ் இன்னும் நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் கால் தரையைவிட்டு எழவே இல்லை.

சின்னவள் கேரியரில் இருந்து எக்கி, அக்காவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“நமக்குத்தான்க்கா நிக்குது,” என்றாள். “மிதி!”